காலி மாதம் வராமல் இருக்க: வீட்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

கீழே நாம், மாடியில் ஒரு குடித்தனம். இல்லையென்றால் தாம்பரம் பக்கமோ அம்பத்தூர் பக்கமோ கடன் போட்டு வாங்கிய ஒரு ஃப்ளாட். நம்மூரில் வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் இந்த அளவுதான். பத்து வீடு கட்டி வாடகை வாங்குகிறவருக்கு ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் தெரியாது. நமக்கு அந்த மாதம் கடன் தவணையே இடிக்கும். கீழே வரும் குறிப்புகள் அந்தப் பூட்டு தொங்கும் மாதத்தை மனதில் வைத்து எழுதியவை. சட்டம் பற்றியவை தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

1. வாடகையை ஏற்றும் முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். வாடகை ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். 1,000 கூட்டிக் கேட்டால் ஆண்டுக்கு 12,000 அதிகம் வரும். அதற்காக இருப்பவர் காலி செய்துவிட்டால்? வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தாலே 15,000 போய்விட்டது. பெயின்ட், குழாய், சுத்தம் செய்யும் ஆள் என்று இன்னொரு பத்தாயிரம். முதல் ஆண்டு முழுக்க ஏற்றிய வாடகை அந்தக் குழியை நிரப்பவே போதாது. ஒன்றாம் தேதி வாடகை போட்டுவிட்டு, வீட்டைத் தன் வீடுபோல வைத்திருக்கும் குடும்பம் கிடைத்துவிட்டால் சந்தை விலையைவிட ஆயிரம் குறைவாக வாங்கினாலும் லாபம் நமக்குத்தான். ஏற்றமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அதைக் கேட்கும் சங்கடமும் இல்லை, கேட்பவருக்கு அதிர்ச்சியும் இல்லை.

2. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு, வருகிறவருக்கு இருக்கும். ஆகவே ஒப்பந்தம் ஜூன் கடைசியிலோ டிசம்பர் பாதியிலோ முடியும்படி வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் முடிந்தால் பள்ளி மாற்றத்துக்காக வீடு தேடும் குடும்பங்கள் கிடைக்கும். இருப்பவர் ஆனி கடைசியில் காலி செய்கிறார் என்றால் ஆடியில் ஆள் வரவில்லையே என்று பதறி வாடகையைக் குறைக்க வேண்டாம். அந்த மாதத்தைத் தளம், குழாய், பெயின்ட் வேலைக்கு வைத்துக்கொண்டு ஆவணிக்கு ஆள் பிடியுங்கள்.

3. ‘டு லெட்’ பலகையில் தொலைபேசி எண்ணோடு வாடகையையும் எழுதிவிடுங்கள். கட்டுப்படியாகாதவர்கள் கூப்பிட மாட்டார்கள். நம் பாதி நேரம் மிச்சம்.

4. யாருக்கு விடுவது? சாதி கேட்பது, ‘சைவம் மட்டும்’ என்று எழுதி வைப்பது, தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் கதவைச் சாத்துவது, இவையெல்லாம் தவறு என்பதோடு வியாபாரத்துக்கும் கெடுதல். வீட்டைக் கெடுப்பது கருவாடு அல்ல. கசிகிற குழாயை ஆறு மாதம் சொல்லாமல் விடுவதுதான். பார்க்க வேண்டியது மூன்று: வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா, முன்பு இருந்த வீட்டில் எத்தனை வருடம் இருந்தார், ஏன் காலி செய்கிறார். பழைய வீட்டுக்காரரிடம் பேசினால் நல்லது. ஆனால் இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளர், தொல்லை தீர்ந்தால் போதும் என்று புகழ்ந்து அனுப்பக்கூடும். அதற்கும் முந்தைய வீட்டுக்காரர்தான் உண்மை சொல்வார்.

5. ஒப்பந்தத்தை எழுதுவதோடு நிறுத்தாமல் பதிவும் செய்யுங்கள். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய நினைப்பு. பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. இதன்படி எத்தனை மாதத்துக்கு என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிய வேண்டும். அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். வழக்கு என்று வந்துவிட்டால் பதியாத பத்திரத்துக்குப் பலம் மிகக் குறைவு. ‘நம்ம பையன்தானே, வாய்ச்சொல் போதும்’ என்று விட்ட வீடுகளில்தான் ஐந்து வருடம் கழித்துக் கோர்ட் வாசல்படி ஏறுகிறார்கள்.

வாடகை எந்தத் தேதிக்குள், ஏற்றம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, தண்ணீருக்கும் மெயின்டெனன்ஸுக்கும் யார் கட்டுவது, வண்டி நிறுத்தும் இடம் எது, உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது, வீட்டில் தொழில் நடத்தலாமா கூடாதா, இவை அத்தனையும் அதில் இருக்கட்டும். டைப்பிங் சென்டரில் வைத்திருக்கும் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டாம். பாதி வரி நம் வீட்டுக்கே சம்பந்தமில்லாதது.

6. அட்வான்ஸ் பத்து மாதம் என்பது சென்னைப் பழக்கம். இப்போதைய சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் கூடலாம். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிறுத்துவது நல்லது என்பேன். பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர் அதைக் கையில் வைத்திருப்பதில்லை. நகையாகவோ ஃபீஸாகவோ ஆகிவிடும். குடித்தனம் காலி செய்யும் நாளில் அடுத்த குடித்தனம் கொடுக்கும் அட்வான்ஸை வைத்துத்தான் திருப்ப வேண்டிய நிலை வரும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அட்வான்ஸை ஒரு வைப்பு நிதியில் போட்டு மறந்துவிடுங்கள். வட்டியை மட்டும் தொடலாம்.

7. ஒத்திக்கு, அதாவது வாடகை இல்லாமல் மொத்தமாக எட்டு லட்சம், பத்து லட்சம் வாங்கிக்கொண்டு விடுவது, பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவருக்கு இனிக்கும். மூன்று வருடம் கழித்து அந்தத் தொகையை ஒரே நாளில் எடுத்து வைக்க வழி இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். வங்கிக் கடன் நிலுவையில் இருக்கும் வீட்டை வங்கிக்குச் சொல்லாமல் ஒத்திக்கு விடுவது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் வேலை.

8. வாடகைதாரர் விவரத்தைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். 2012-இல் வங்கிக் கொள்ளையில் தேடப்பட்டவர்கள் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தது தெரிந்ததிலிருந்து சென்னையில் போலீஸ் இதை வலியுறுத்துகிறது. போட்டோ, ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, வேலை இடம் போதும்.

9. சாவி கொடுக்கும் நாளில் போனில் வீடியோ எடுங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக: சுவர், தரை, ஜன்னல் கண்ணாடி, குழாய்கள், சிங்க்குக்கு அடியில், கழிப்பறை ஃப்ளஷ், ஃபேன் எத்தனை, விளக்கு எத்தனை, மீட்டர் ரீடிங். ஓடு கீறல் இருந்தால் அதை விரல் வைத்துக் காட்டியே எடுங்கள். எடுத்ததை அங்கேயே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் அது சாட்சி. காலி செய்யும் நாளில் ‘நான் வரும்போதே உடைஞ்சிருந்துது சார்’ என்ற பேச்சே எழாது. எழுந்தாலும் பார்த்துவிட்டால் முடிந்தது.

10. ஒரு குடித்தனத்துக்கு ஒரு மீட்டர். கீழும் மேலும் ஒரே மீட்டரில் இருந்தால் சண்டை மட்டுமல்ல, பண நஷ்டமும் உண்டு. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் ரேட் கூடுவதில்லை; கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளும் விலை ஏறிவிடும். தனித்தனியாக 350, 300 ஓடும் இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் சேர்ந்தால் 650 ஆகி, இருவருக்குமே பில் எகிறுகிறது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் முதல் 100 யூனிட் இலவசமும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றாகிவிடுகிறது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது, பத்து ரூபாய் வசூலிக்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. குடித்தனக்காரருக்கும் போனில் ஈ.பி. கணக்கு பார்க்கத் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ரீடிங் எடுக்கும் தேதிக்கும் குடி மாறும் தேதிக்கும் பொருத்தம் இருக்காது. போகிறவர் முன்னால் மீட்டரைப் போட்டோ எடுத்து, கடைசி பில்லில் உள்ள ரீடிங்கைக் கழித்து, வந்த யூனிட்டை எழுதி இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பில் வந்ததும் யூனிட் விகிதத்தில் பிரித்தால் நியாயம்.

11. வயரிங்கை ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டில் ஏ.சி.க்குத் தனி லைன் இருக்காது. வருகிறவர் ஒன்றரை டன் ஏ.சி.யை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவார். மே மாத ராத்திரியில் பிளக் உருகும். படுக்கையறைக்கு நாம் ஒரு ஏ.சி. லைன் இழுத்துக் கொடுத்துவிட்டால் வாடகையில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் கட்டாயம் இருக்கட்டும். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் குழந்தையைக் காப்பாற்றுவது அதுதான்.

12. தண்ணீர். நம்மூரில் குடித்தனம் காலி செய்வதற்கு வாடகை ஏற்றத்தைவிட இதுதான் பெரிய காரணம். காலை ஏழு மணிக்கு மாடியிலிருந்து குரல் வரும்: “ஆன்ட்டி, மோட்டார் போட்டீங்களா? குழாய்ல காத்துதான் வருது.” நாம் கோயிலுக்கோ நடைக்கோ போயிருந்தால் அந்த வீட்டில் பிள்ளை குளிக்காமல் பள்ளிக்கூடம் போகும். டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் தானே ஓடி, நிறைந்தால் தானே நிற்கும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள். அதன் விலை ஒரு லாரித் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கலாம், அவ்வளவுதான். சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் ஓடாமல் நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வறட்டு ஓட்டத்தில்தான் மோட்டார் காயில் எரிகிறது.

கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவை எப்படிப் பிரிப்பது என்பதை ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். தொண்டை வறளும் ஏப்ரலில் பேசினால் பேச்சு சுமுகமாக இருக்காது. சம்ப்பையும் டேங்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, மூடி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். டெங்கு கொசு பெருகுவது இந்த நல்ல தண்ணீரில்தான். மாநகராட்சி ஆட்கள் வந்து புழு கண்டால் அபராதம் வீட்டுக்காரர் பெயரில் வரும்.

13. மொட்டை மாடியை ஆவணிக்குள் பார்த்துவிடுங்கள். ஐப்பசியில் ஒழுக ஆரம்பித்த பிறகு கொத்தனார் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் ஈரத் தளத்தில் பூசியது நிற்காது. பார்ப்பது சுலபம். நாலு பக்கெட் தண்ணீரைத் தளத்தில் கொட்டி, அரை மணி கழித்து ஏறிப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஹாலில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தால் மேலே போட்ட வட்டம் பெரும்பாலும் அதற்கு நேர் மேலேயே இருக்கும்.

அடுத்து, தண்ணீர் இறங்கும் குழாயின் வாய். அதில் வேப்பிலைச் சருகு, காக்கை கொண்டுவந்த எலும்பு, ஒரு பழைய பந்து, இவை சேர்ந்து அடைத்திருக்கும். ஜாலி இல்லை என்றால் ஒன்று வாங்கிச் செருகுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று டிஷ் ஆன்டெனா. குடித்தனக்காரர் டிஷ் வைக்க வரும் பையன் நேராகத் தளத்தில் நாலு போல்ட் இறக்கிவிடுவான். தட்டோட்டையும் அதற்குக் கீழே உள்ள சுண்ணாம்புத் தளத்தையும் துளைத்துக்கொண்டு அது கான்கிரீட் வரை போகும். இரண்டு வருடம் கழித்து அவர் காலி செய்யும்போது டிஷ் போகும், ஓட்டை இருக்கும். அந்த நாலு ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, ஒரு நாள் சீலிங் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழும். டிஷ், கொடிக்கம்பம், ஏ.சி. வெளி யூனிட், எதுவானாலும் கைப்பிடிச் சுவரில் மட்டும் பொருத்த வேண்டும், தளத்தில் ஓட்டை போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எப்பாக்ஸி வைத்து அடையுங்கள். வெறும் சிமென்ட் பால் ஊற்றினால் அடுத்த கோடையில் விரிந்துவிடும். உள்ளே பழுப்பு வட்டத்தின்மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது காசைக் கரைப்பதுதான். மேலே அடைக்காமல் கீழே அடித்த பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது.

மாடிக்கு ஏறியிருக்கும்போதே மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் பாருங்கள். 2003-இல் கட்டாயமாக்கியபோது அவசரத்துக்குக் கட்டியவை பல. அதற்குப் பிறகு யாரும் மூடியைத் திறந்தே இருக்க மாட்டார்கள். மேலே உள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போட்டால் போர் தண்ணீரின் உப்பு கொஞ்சம் குறையும்.

14. ரிப்பேர் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையே பட்டியல் தருகிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் லைன் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கீசர், கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்ற அன்றாட வேலைகள் குடித்தனக்காரர் பக்கம். இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். ஐம்பது ரூபாய் வாஷருக்கு ‘அது உங்க வேலை’ என்று சொன்னால் அடுத்த முறை பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறினாலும் அவர் சொல்ல மாட்டார். பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

15. மாற்றுச் சாவி நம்மிடம் இருப்பது தீ, குழாய் வெடிப்பு போன்ற அவசரத்துக்கு மட்டும். மற்றபடி வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ‘என் வீடுதானே’ என்று உள்ளே நுழைந்து, அடுப்படியில் என்ன கொதிக்கிறது என்று பார்க்கும் வழக்கத்தால் போன குடித்தனங்கள் ஏராளம். யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டில் உட்கார்ந்து கணக்கெடுப்பதும் அதே ரகம்.

16. வாடகை வங்கி வழியாக வரட்டும். பணமாக வாங்கினால் ரசீது கொடுங்கள். பத்தாம் தேதி தாண்டினால் அன்றே அமைதியாக ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டு மாதம் பொறுத்துவிட்டுப் பொங்குவதைவிட அது மேல். எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அத்தியாவசிய வசதியைத் தடுத்தால் சட்டம் அவர் பக்கம் போய்விடும். பாக்கி நீடித்தால் நோட்டீஸ், பிறகு வாடகை நீதிமன்றம், அதுதான் வழி.

17. வருமான வரிக்கு வாடகையைக் காட்டும்போது, நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவு எதுவும் காட்டாமலே கழிக்கலாம். பெயின்டுக்கும் பைப்புக்கும் பில் தேடி அலைய வேண்டாம். குடித்தனக்காரர் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகைக்கு எச்.ஆர்.ஏ. சலுகை கேட்டால் நம் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் வாடகையை மறைக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிடும். மாதம் ரூ.50,000-க்கு மேல் வாடகை என்றால் அவர் 2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வீடு வெளிநாட்டில் வசிக்கும் மகன் பெயரில் இருந்தால் வாடகை எவ்வளவு என்றாலும் வரி பிடித்தம் உண்டு, அதுவும் 30 சதவீதக் கணக்கில். இதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் குடித்தனக்காரருக்குச் சொல்லுங்கள்.

18. சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்த மாதத்துக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 வரை தள்ளுபடி உண்டு. காலண்டரில் குறித்து வையுங்கள்.

19. காலி செய்யும் கணக்கை ஒரே தாளில், அவர் எதிரிலேயே போடுங்கள். இப்படி: அட்வான்ஸ் 60,000. கழிவு: மீட்டர்படி ஈ.பி. 1,140, உடைந்த ஜன்னல் கண்ணாடி 650, தண்ணீர் பாக்கி 300. திருப்பித் தருவது 57,910. கீழே இருவர் கையெழுத்து. பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. ஆனால் மேலே சொன்ன அட்டவணைப்படி வெள்ளையடிப்பு நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் எழுதாமல் பிடித்தால் கேட்பதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது. மூன்று நான்கு வருடம் இருந்தவர் சுவரில் அழுக்கு படிவது இயல்பு, அதற்குப் பிடிக்காதீர்கள். குழந்தை கிரேயான் தீட்டிய சுவர், கண்ட இடத்தில் அடித்த ஆணி, அடுப்பு மேடை ஓட்டில் விரிசல், இவை வேறு. பில் காட்டிப் பிடிக்கலாம். நல்லபடியாகப் போனவர் தன் அலுவலகத்தில் யாராவது வீடு தேடினால் நம் எண்ணைக் கொடுப்பார். புரோக்கருக்குத் தரும் ஒரு மாத வாடகை அப்படியே மிச்சமாகும்.

20. அவர் போனதும் வாசல் பூட்டை மாற்றுங்கள். எத்தனை மாற்றுச் சாவி வெட்டினார் என்று அவருக்கே நினைவிருக்காது.

21. அடுத்த ஆள் வரும்வரை வாரத்துக்கு ஒருமுறை போய் எல்லாக் குழாயையும் இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள், ஃப்ளஷ்ஷையும் அழுத்துங்கள். பாத்ரூம் தரை டிராப்பில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோனால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறும். வீடு பார்க்க வருகிறவர் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று கிளம்பிவிடுவார். ஊருக்குப் போவதாக இருந்தால் அந்த டிராப்பில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போங்கள். தண்ணீர் மேல் படலமாக நின்று, காய்வது தாமதமாகும்.